ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்த நகரம்

உயிருக்குப் போராடும் ஒருவரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியில், முதலுதவி தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது இன்று யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் அந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் அதற்கு வழிகாட்டியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள், எதற்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன என்பதை, ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நாம் அறிந்துகொள்வது நல்லது.

பென்சில்வேனியா மாநிலத்தின் அல்லகேனி மாவட்டத் தலைநகர் பிட்ஸ்பர்க், எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே 'ஹில் டிஸ்ட்ரிக்ட்' என்னும் குன்றுப் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களில் பலர், தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த குடும்பத்தினர். 1950களில் நகரை அழகுபடுத்துகிறோம், அரங்கம் கட்டுகிறோம் என்று அப்பகுதியின் கீழ்ப்புறத்தை இடித்து, ஏறத்தாழ 8,000 பேரை வெளியேற்றினார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதல்லவே!

அந்நாளில் அங்கே நோயாளியை ஏற்றிச் செல்ல வந்தது பெரும்பாலும் காவல்துறை வண்டிதான். கைதிகளை ஏற்றும் அதே வண்டி. இரண்டு காவலர்களும் முன்னால் உட்கார்ந்துகொள்ள, நோயாளி பின்னால் தனியே கிடப்பார். இந்தக் கேடு ஏழைகளோடு நிற்கவில்லை. 1966 நவம்பரில், நகரின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். காவல்துறை வண்டியில்தான் கொண்டு போனார்கள். நினைவு திரும்பாமலே இறந்தார்.

வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பை அழுத்தி உயிர்மீட்கும் முறையை வகுத்தவர்களுள் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் அந்நகரில்தான் பணிபுரிந்தார். அதே 1966இல் ஆஸ்துமாவுக்குத் தம் மகளைப் பறிகொடுத்தவர் அவர். மருத்துவமனைக்கு வருமுன்பே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. ஃபால்க் மருத்துவ நிதியத்தின் தலைவர் ஃபில் ஹாலனும், 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற கறுப்பின மக்கள் அமைப்பும் அவரோடு கைகோத்தனர். 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்' பிறந்தது.

பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர்கள் யார்? வேலையில்லாதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். உடற்கூறு முதல் உயிர்மீட்பு வரை ஏறத்தாழ 300 மணி நேரம் படித்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் சுமார் 5,800 அழைப்புகளுக்கு ஓடினார்கள். கறுப்புக் கை தன்மேல் படக்கூடாது என்று மறுத்த நோயாளிகளுக்கும் பணி செய்தார்கள். 1974இல் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன், இவர்களோடு இரவு பகலாக வண்டியில் சென்றார். நாடு முழுவதற்குமான பயிற்சிப் பாடத்திட்டத்தை வகுக்கும் பணி அவரிடம் தரப்பட்டபோது, இந்தக் குன்றுப் பகுதியின் அனுபவமே அதற்கு அடித்தளமாயிற்று.

பிறகு நடந்தது என்ன? இப்படியொரு சேவை எங்களுக்கு ஏன் இல்லை என்று வசதியான பகுதியினர் கேட்கத் தொடங்கினர். மேயர் பீட் ஃப்ளாகர்ட்டியின் நிர்வாகம், கறுப்பின மக்கள் நடத்திய சேவையை நகர் முழுவதும் விரிவாக்க முன்வரவில்லை. நகராட்சியே புதிதாக ஒரு சேவையைத் தொடங்கியது. 1975 அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது.

நகராட்சி இப்பொறுப்பை ஏற்றதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. உயிர்காக்கும் பணி அரசின் கடமை. நன்கொடையை நம்பி அது நிற்கக் கூடாது. தகுதித் தேர்வே வேண்டாம் என்பதும் நம் வாதமல்ல. நம் கேள்வி வேறு. பாடத்தை எழுதியவனையே பரீட்சையில் தோற்றவன் என்று வெளியே தள்ளுவது என்ன நியாயம்? இவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கரோலைன் வாதாடினார், நகராட்சியும் இசைந்தது. ஆனால் உள்ளே போனபின் புதிய தேர்வுகள், புதிய விதிகள், பழைய வழக்குகளைக் கிளறும் விசாரணைகள். அனுபவம் குறைந்த வெள்ளையருக்குக் கீழே இவர்களை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். தாக்குப்பிடித்து நின்ற ஜான் மூன், பின்னாளில் அதே சேவையின் துணைத் தலைவராக உயர்ந்து 2009இல் ஓய்வு பெற்றார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் மற்றவர்களும் எவ்வளவு உயர்ந்திருப்பார்கள் என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் பகுதிகளில் அரசு எட்டிப் பார்க்காத காலத்தில், இரவுப் பள்ளியோ படிப்பகமோ முதலுதவிக் குழுவோ நாமே நடத்துகிறோம். நாளை அதை அரசு ஏற்க முன்வந்தால் வரவேற்போம். ஆனால் அதை வளர்த்தவர்களுக்கு வேலை உண்டா, அவர்கள் உழைத்த ஆண்டுகள் பணிமூப்பில் சேருமா, தேர்வு வைத்தால் அதற்குப் பயிற்சியும் அவகாசமும் தரப்படுமா என்று கேட்போம். விடையை எழுத்தில் பெறுவோம். பிட்ஸ்பர்க் உழைப்பாளிகளை நினைவில் கொள்வோம். அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராதிருக்க, கையெழுத்தில்லாத வாக்குறுதியை ஏற்கமாட்டோம் என்று சங்கமாகச் சேர்ந்து சொல்வோம்.