மறுசுழற்சி மட்டும் போதாது

பிளாஸ்டிக் தடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "தடை எதற்கு? பிரித்துக் கொடுத்தால் எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிடலாமே" என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அது நடப்பதில்லை.

உங்கள் தெருவிலுள்ள காயலான் கடையில் விசாரித்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், கழுவிய பால் கவர் இவற்றை எடைக்கு எடுப்பார்கள். ஷாம்பு சாஷேயையும் சிப்ஸ் பாக்கெட்டையும் தொடமாட்டார்கள். பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கும் அலுமினியப் படலத்தைப் பிரித்தெடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

"பிளாஸ்டிக் குப்பையைக் கலந்து ரோடு போடலாமே" என்பது அடுத்த வாதம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அந்த வழியைக் கண்டறிந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் ஒற்றைத் தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக்தான் செலவாகும். அதையும் யாராவது பொறுக்கி, சுத்தம் செய்து, துண்டாக்கித் தர வேண்டும். குப்பையோ தினமும் வருகிறது, ரோடு தினமும் போடுவதில்லை.

"நம் மக்களுக்குப் பொறுப்பு கிடையாது" என்று கைவிரிப்பவர்கள் நீலகிரியைப் பார்க்கட்டும். காட்டில் வீசப்படும் மதுப்பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிப்பதாக உயர் நீதிமன்றம் கவலைப்பட்ட பிறகு, 2022இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. மக்கள் அதே மக்கள்தான். அது கண்ணாடி என்பது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இதே முறையைக் கொண்டுவர என்ன தடை?

சாஷே போனால் ஏழைக்குக் கஷ்டம் என்கிறார்கள். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தது யார்? சில்லறையாக வாங்க சாஷேதான் வழி என்பதும் இல்லை. தூக்குவாளியோடு போனால் செக்குக் கடையில் இன்றும் எண்ணெயை அளந்து ஊற்றுகிறார்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக் வைத்திருக்கும் பூக்காரம்மாவிடம் அபராதம் வசூலிப்பதைவிட, அதைச் செய்யும் ஆலையை மூடுவதுதான் முறை. அரசு தன் கையிலிருப்பதிலிருந்தே தொடங்கலாம்: மண்ணெண்ணெயைக் கேனில் அளந்து ஊற்றிய ரேஷன் கடையில் பாமாயிலையும் அப்படியே ஊற்றட்டும்.