இந்தக் குளிசை எதற்கு?

எழுத்தறியாத ஏழை ஒருவன் இரண்டு பரப்புக் காணியை விற்பதாயினும், உறுதியை அவனுக்கு வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே நொத்தாரிசு அதனை அத்தாட்சிப்படுத்தலாம். இது இந்நாட்டுச் சட்டம். மண்ணுக்கு இவ்வளவு காவல் வகுத்த நாட்டிலே, மனிதன் விழுங்கும் மருந்துக்கு உள்ள காவல் யாது?

சில நாட்களுக்கு முன்னர் காணி வழக்கொன்றின் பொருட்டு முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். பத்திரங்களோடு அவர் பையினுள் இரண்டு கடதாசிச் சரைகள் கிடந்தன. இரண்டிலும் வெண்ணிறக் குளிசைகள். மேலே ஆங்கிலத்திற் சில கிறுக்கல்கள்.

"இவை எதற்கு, அப்பு?" என வினவினோம்.

"ஆஸ்பத்திரியிலை தந்தது ஐயா, எதுக்கெண்டு நான் என்னத்தைக் கண்டன்?" என்றார்.

வைத்திய நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். ஒன்று மெற்போமின்: நீரிழிவுக்குரியது, உணவோடு உட்கொள்ளத் தக்கது. மற்றையது லொசாட்டன்: இரத்த அழுத்தத்தைத் தணிப்பது. உடல் சுகமாயிருக்கும் நாட்களில் முதியவர் இரண்டையும் நிறுத்திவிடுவாராம். இரத்த அழுத்தமோ நோவின்றி வளரும் நோய். அதனை அவருக்கு எவரும் கூறவில்லையெனின், குற்றம் யாருடையது?

கடைச்சரக்காகிவிட்ட மருந்துகளின் நிலையும் இதுவே. பனடோல் என நாம் வாங்குவது பரசிற்றமோல். அது காய்ச்சலையும் நோவையும் தணிக்கும். நோயின் மூலத்தை மாற்றாது. வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது. மிஞ்சினால் ஈரல் கெடும். தடிமனுக்கென வேறு பெயர்களில் விற்கப்படும் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து உண்டு. அதை அறியாதவர் ஒரே மருந்தை இருமடங்காக விழுங்குகிறார். டெங்குக் காய்ச்சலின்போது அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக்கசிவு அபாயத்தை மிகுவிக்கும். அமொக்சிசிலின் பற்றீரியாவைக் கொல்லும்; வைரசால் வரும் தடிமனுக்கு அதனாற் பயனில்லை. இவ்வளவும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிடக்கூடிய செய்திகளே.

1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகிய பேராசிரியர் சேனக்க பிபிலே, நல்ல மருந்து ஏழைக்கும் எட்டும் விலையிற் கிடைக்கவேண்டுமெனப் பாடுபட்டார். விலை எட்டினாற் போதுமா? விளக்கமும் எட்டவேண்டாமா? 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் ஏறிய தமிழ், பல இடங்களில் மருந்துச் சரையில் ஏறக் காணோம். ஆங்கிலக் கிறுக்கல் சிங்களக் கிராமத்தவனுக்கும் இருளே. ஆகவே ஓரினத்தின் நலங்கருதி மட்டும் நாம் இதைக் கேட்கவில்லை.

மருந்தின் பெயர், அது எந்நோய்க்குரியது, அளவு, வேளை ஆகிய நான்கையும் நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுத்தல் அரசாங்க வைத்தியசாலைக்கும் தனியார் பாமசிக்கும் கட்டாயமாக்கப்படல் வேண்டும். அதுவரை சனசமூக நிலையங்களின் இளைஞர்கள் தத்தம் ஊர் முதியோரின் சரைகளைத் தெரிந்தவரிடம் காட்டி, தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

மக்களும் வாய் திறத்தல் வேண்டும். இது எதற்கு? எவ்வளவு? எத்தனை நாள்? என்று கேளாது எவரும் மருந்தைக் கையேற்கலாகாது. கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை, விடை கூறுதல் கொடுப்பவர் கடன்.