விருந்தோம்பலும் பெண்டிர் உத்தியோகமும்

விருந்தினரை உபசரித்தல் பெண்களுக்குப் பெருமையென்று வீட்டினுள்ளே புகழும் நாம், அவ்வுபசாரத்தையே சம்பளம் பெற்று ஹோட்டலில் செய்யப் புகும் பெண்ணை ஐயுற்று நோக்குகின்றோம். இம்முரண்பாடு வடசென்னைக்குப் பெருநஷ்டம் விளைப்பதென்பதே என் அபிப்பிராயம்.

இப்பகுதிக்கு வருவோர் சிலரல்லர். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலையும் வடிவுடையம்மன் சந்நிதியையும் நாடி யாத்திரிகர் நாடோறும் வருகின்றனர். 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணக் கப்பலொன்று புறப்பட்டது. வருவோர்க்கு உணவும் தங்குமிடமும் வழிகாட்டுதலும் வேண்டும். அவ்வுத்தியோகங்களில் இராயபுரம், எண்ணூர்ப் பெண்களுக்கும் இடம் வேண்டுமன்றோ?

திறமையைப் பற்றி ஐயமில்லை. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் சுய உதவிக் குழுப் பெண்களே சமைத்துப் பரிமாறினர். பெருந்திரளானோர்க்கு வேளை தவறாது உணவளிக்கப் பெண்களால் இயலுமென்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

“இரவு வேலை, அந்நியர் நடமாட்டம், ஆகையால் பெண்ணுக்கு ஆபத்து” என்பர் சிலர். அவர்கள் காசிமேட்டைக் காண்பார்களாக. பொழுது புலருமுன் இருளிலே மீன் ஏலத்துக்குச் சென்று, அந்நியரோடு விலை பேசி, கூடை சுமந்து விற்கும் மகளிரை எவரும் தடுத்திலர். சொற்ப வருவாயுள்ள உழைப்பிலே நம் கண்ணுக்குப் படாத ஆபத்து, மாதச் சம்பளமுள்ள வேலையில் மாத்திரம் பெரிதாய்த் தோன்றுவதேன்?

ஆபத்தே இல்லையென்று கூறுவேனல்லேன். அதற்குப் பரிகாரம் காவலேயன்றித் தடையன்று. மது அருந்தும் இடங்களில் பெண்களை வேலைக்கமர்த்தலாகாதென்ற 1914-ஆம் வருடத்துப் பஞ்சாப் கலால் சட்ட விதியொன்று டில்லி ஹோட்டல்களையும் கட்டுப்படுத்தி வந்தது. 2007-இல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதென்று தீர்ப்பளித்தது. பெண்ணின் சுதந்திரத்தைக் குறைப்பதை விடுத்து, அவளுக்குப் பாதுகாப்பளிப்பதே அரசின் கடமையென்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆதலின் ஹோட்டல் முதலாளிகளிடம் நாம் கேட்க வேண்டுவன மூன்று. இரவில் வேலை முடித்த பெண்ணை வீடு சேர்க்கும் வண்டி; ஆணுக்கொத்த சம்பளமும் பதவி உயர்வும்; பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் 2013-ஆம் வருடத்துச் சட்டம் விதிக்கும் புகார்க் குழு. பெற்றோரிடம் கேட்க வேண்டுவது ஒன்றே. மகள் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் எழுதுங்கால், “ஊரார் என்ன சொல்வர்?” என்று வினவாது, “வீடு திரும்ப வண்டி உண்டா? சம்பளம் என்ன?” என்று வினவுங்கள். அவள் எதிர்காலத்துக்குப் பயன்படும் வினா அதுவே.