தெருவில் ஓடும் தண்ணீரில் இரண்டு தென்னை

கோடையில் நம் கிராமங்களில் ஒரு முரண்பாட்டைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் சாக்கடை நிறைந்து ஓடும். அதே வீட்டின் கொல்லையில் தென்னை தண்ணீரில்லாமல் குரும்பை கொட்டும். இரண்டும் ஒரே வீட்டின் தண்ணீர்க் கணக்கு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீரைக் குழாயில் தருவதை இலக்காகக் கொண்டது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். குடிக்க, சமைக்க, கழிப்பறைக்குப் போக, குளியல், பாத்திரம், துணி ஆகியவற்றிலிருந்து சுமார் 140 லிட்டராவது வெளியேறும் என்று வைத்துக்கொள்வோம். சொட்டுநீர்ப் பாசனத்தில் ஒரு தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 65 முதல் 80 லிட்டர் போதும். அப்படியானால் ஒவ்வொரு வீடும் இரண்டு தென்னைக்கான தண்ணீரைத் தினமும் தெருவில் விடுகிறது. 500 வீடுகள் உள்ள ஊரில் இது நாளொன்றுக்கு 70,000 லிட்டர்.

இந்தத் தண்ணீர் சும்மா போவதோடு நிற்பதில்லை. தேங்கிய சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. ஏரிக்கும் குளத்துக்கும் போய்ச் சேர்ந்தால் ஆகாயத்தாமரை மண்டுகிறது. இன்னொரு பக்கம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பல கிலோமீட்டர் தூரம் மின்சாரச் செலவில் வந்த நல்ல தண்ணீரைக் குழாய் மாட்டிச் செடிக்கு விடுகிறோம். கோடையில் கடைசித் தெருவுக்குக் குடிநீர் எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாழையும் சேம்பும் கல்வாழையும் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் அன்றைய சீயக்காயும் அரப்பும் வேறு, இன்றைய சலவைத்தூள் வேறு. சலவைத்தூளில் சோடியம் உப்பு அதிகம். அது மண்ணில் சேரச் சேர மண் இறுகும், தண்ணீர் கீழே இறங்காது, களர்த் தன்மை வரும். கரிசலிலும் களிமண்ணிலும் இது சீக்கிரம் தெரியும். செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் ஓரளவு தாங்கும். ஆகவே பழைய வழக்கத்தைச் சில விதிகளோடு கடைப்பிடிக்க வேண்டும்.

குளித்த தண்ணீரையும், துணி அலசிய கடைசித் தண்ணீரையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சலவைத்தூள் நுரையோடு வரும் முதல் தண்ணீரையும், பிளீச்சிங் பவுடர், பினாயில் கலந்த தண்ணீரையும், குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரையும் செடிக்கு விடக்கூடாது. இவை உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தரை துடைக்கலாம், செடிக்குத் தினமும் ஊற்றக்கூடாது.

பாத்திரம் கழுவிய தண்ணீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இருக்கும். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளைகள் போட்டு, அதில் தேங்காய் நாரை அடைத்து, அதன் வழியாக விடுங்கள். வாரம் ஒருமுறை நாரை மாற்றிவிட்டு, பழையதை எருக்குழியில் போடலாம்.

தென்னை, வாழை, முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, தீவனப்புல் ஆகியவற்றுக்கு இந்தத் தண்ணீர் ஏற்றது. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்கு வேண்டாம். நாற்றுக்கும் இளம் செடிக்கும் நல்ல தண்ணீரே கொடுங்கள். எந்தப் பயிரானாலும் இலைமேல் தெளிக்காமல் வேர்ப்பகுதியில் மட்டும் விட வேண்டும். அன்றன்றைய தண்ணீரை அன்றே விட்டுவிடுங்கள். ஒரு நாள் சேர்த்து வைத்தாலே நாற்றம் எடுக்கும்.

தென்னைக்கு அடிமரத்திலிருந்து 6 அடி சுற்றளவில் வட்டப்பாத்தி எடுத்து, உரிமட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி புதைத்து, மேலே சருகு பரப்புங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், சருகு வெயிலைத் தடுக்கும், கொசுவுக்கும் இடமில்லை. இன்று ஒரு மரம், நாளை இன்னொன்று என்று குழாயை மாற்றிவிட வேண்டும். குடிநீர்க் கிணறு, அடிபம்பு இவற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி விடுவது அவசியம்.

மண் மேல் வெள்ளையாகப் பூத்தாலோ, இலை நுனி கருகினாலோ உப்பு ஏறுகிறது என்று அறிந்து சில வாரம் நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழையில் கூரைத் தண்ணீரை அதே பாத்திக்குத் திருப்பினால் உப்பு கரைந்து கீழே இறங்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் ஓட்டு வீட்டில் 40 மி.மீ. மழைக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் விழும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த மண்ணை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துக் கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்ப்பது நல்லது.

கள அலுவலர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் வீட்டுக் கழிவுநீர் மேலாண்மையும் உண்டு. நடைமுறையில் அது சிமெண்ட் கால்வாயாகவோ உறிஞ்சுகுழியாகவோ முடிந்துவிடுகிறது. கால்வாய் தண்ணீரை அடுத்த தெருவுக்குத் தள்ளுகிறது. குழி, நிலத்தடிக்குக் கொஞ்சம் சேர்த்தாலும், வேருக்குக் கிடைக்க வேண்டியதைத் தாண்டிக் கீழே கொண்டுபோகிறது. கொல்லை உள்ள வீட்டுக்கு முதலில் மரப்பாத்தி, மிஞ்சினால் உறிஞ்சுகுழி. கொல்லை இல்லாத தெருவுக்குப் பொதுவான தீவனப்புல் பாத்தி. இவற்றுக்கும் வழியில்லாத இடத்தில் மட்டும் கால்வாய். திட்டமிடும்போது இந்த வரிசை இருக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றிப் பேசப் போகும் கூட்டத்தில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களை அவசியம் அழையுங்கள். வீட்டுத் தண்ணீர் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வயலுக்கு வரும் தண்ணீர் மேகத்தையும் அணையையும் மின்சாரத்தையும் நம்பியிருக்கிறது. குளியலறைத் தண்ணீர் அப்படியல்ல, கடும் கோடையிலும் தினமும் வரும். ஒரு மண்வெட்டியும் இரண்டு நீளம் பிவிசி குழாயும் போதும். அடுத்த கோடைக்குள் அதைத் தென்னைப் பாத்திக்குத் திருப்பி விடுங்கள்.