சுவிச் யாருடைய கையில்? யேர்மனியின் கணினி அரசியலும் நாமும்

சனிக்கிழமைகளில் தமிழாலய வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தகப்பன்மாரின் பேச்சு பெரும்பாலும் வீட்டு வாடகை, கார் காப்புறுதி, ஊர்க் காணி என்றுதான் சுற்றிவரும். கடந்த இலையுதிர்காலத்தில் அதற்குள் ஒரு புதிய விடயம் புகுந்துகொண்டது.

"அண்ணை, உங்கட லப்ரொப்பில விண்டோஸ் பத்தோ பதினொண்டோ?"

"பத்துத்தான். ஏன், நல்லாத்தானே வேலை செய்யுது."

"இனிப் பாதுகாப்பு இல்லையாம். புதுசு வாங்கட்டாம்."

பக்கத்தில் நிற்கும் இளைஞர் ஒருவர், "ஏன் எறியிறீங்கள், லினக்ஸ் போடுங்கோ" என்பார். அப்பிள் கணினி வைத்திருப்பவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதோடு சண்டை தொடங்கிவிடும். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பதற்குக்கூட எம்மவர்கள் இவ்வளவு குரல் உயர்த்துவதில்லை.

இதை வேலையில்லாதவர்களின் வாக்குவாதம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இதே வாக்குவாதம் பேர்லினிலும் கீலிலும் முன்சனிலும் அமைச்சர்கள் மட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஹேக் நகரில் அது ஒரு நீதிமன்றத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. நாடற்றவர்களாக இங்கே வந்து சேர்ந்த எமக்கு அதில் மற்றவர்களைவிடக் கூடுதலான அக்கறை இருக்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் அந்த லப்ரொப் விடயம். 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு, புதிய தலைமுறைச் செயலி ஆகியவை இல்லாத கணினிகள், பழுது எதுவும் இல்லாமலே பழசாகிப்போயின. நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்தால் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வசிப்பவர்களுக்கு மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைத்தது. அதற்கும் மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று வேண்டும். 60 நாட்களுக்கு ஒருமுறையாவது அதில் உள்நுழைந்திருக்கவேண்டும். ஒரே மென்பொருள், ஒரே நிறுவனம், ஆனால் அமெரிக்காவில் ஒரு விதி, இங்கே இன்னொரு விதி. இங்குள்ள சட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்ட அமைப்புகளும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

யேர்மனியில் இந்தச் சண்டைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 2003 மே மாதம் முன்சன் மாநகரசபை, தன் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றுவதென்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு முன்பு மைக்ரோசொப்டின் அன்றைய தலைவர் ஸ்ரீவ் பால்மர், சுவிற்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு நகரபிதா கிறிஸ்ரியான் ஊடேயைச் சந்திக்க ஓடிவந்தார். ஒரு மாநகரசபையின் கணினிகளுக்காக உலகின் பெரும் நிறுவனமொன்றின் தலைவர் ஏன் ஓடிவரவேண்டும்? போனவை ஏறத்தாழ 15,000 கணினிகள்தான். ஆனால் அவற்றோடு போகக்கூடியது ஒரு முன்னுதாரணம்.

பத்து ஆண்டுகள் பாடுபட்டு மாற்றி முடித்தார்கள். 2014இல் நகரபிதா மாறினார். கட்சி மாறவில்லை, இருவரும் சமூக சனநாயகக் கட்சியினரே. 2016இல் மைக்ரோசொப்டின் யேர்மன் தலைமையகம் முன்சனின் ஸ்வாபிங் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 2017இல் மாநகரசபை மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதென்று முடிவெடுத்தது. தலைமையகத்துக்கும் முடிவுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மாநகரசபையே பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வறிக்கை, ஊழியர்களின் முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் நிர்வாக ஒழுங்கீனமே காரணம் என்று காட்டியது. அதாவது தோற்றது லினக்ஸ் என்று சொல்லிவிட முடியாது. அதைக் காக்கும் அரசியல் விருப்பம்தான் அந்தக் கட்டடத்தில் இல்லாமற் போனது.

இப்போது அதே கதை வடக்கே நடக்கிறது. சிலேஸ்விக்-கோல்ஸ்ரைன் மாநில அரசு, தன் 30,000 பணியிடங்களில் மைக்ரோசொப்ட் ஒபிஸை நீக்கி லிப்ரே ஒபிஸைப் பயன்படுத்துவதென்று 2024 ஏப்ரலில் அறிவித்தது. இதை முன்னெடுக்கும் அமைச்சர் டிர்க் ஸ்ரோட்டர், பழமைவாதக் கட்சியான கிறிஸ்தவ சனநாயக ஒன்றியத்தைச் சேர்ந்தவர். 'லினக்ஸ் என்றால் இடதுசாரிகளின் விளையாட்டு' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 2025 ஒக்ரோபருக்குள் 40,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசொப்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். அதில் சறுக்கல்களும் இருந்தன. நீதித்துறையினர் கடுமையாக முறையிட்டனர். நீதிமன்றத்தில் ஒரு மின்னஞ்சல் பிந்தினால் யாரோ ஒருவரின் வழக்குப் பிந்தும் என்பது, வருடக்கணக்காக அகதி வழக்குகளுக்குக் காத்திருந்த எமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தும் அரசு பின்வாங்கவில்லை. உரிமக் கட்டணத்தில் ஆண்டுக்கு 15 மில்லியன் ஈரோவுக்கு மேல் மிச்சம் என்று அது கணக்குக் காட்டுகிறது. லிப்ரே ஒபிஸின் மூதாதை ஸ்ரார் ஒபிஸ் என்பதும், அது 1980களில் லூனபேர்க் நகரில் ஒரு யேர்மன் இளைஞர் தொடங்கிய நிறுவனத்தில் பிறந்தது என்பதும் ஓர் இனிய தற்செயல். தெற்கே பவேரிய அரசோ நேரெதிராக மைக்ரோசொப்டுடன் இன்னும் நெருக்கமாகப் போகப் பார்க்கிறது.

பணக் கணக்கு இருக்கட்டும். இந்த விவாதத்தின் முகத்தையே மாற்றியது ஹேக்கில் நடந்த சம்பவம். 2025 பெப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிராகத் தடைகளை அறிவித்தார். அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநர் கரீம் கானுக்குத் தன் மைக்ரோசொப்ட் மின்னஞ்சலைப் பயன்படுத்த முடியாமற் போனது என்றும், அவர் சுவிஸ் நிறுவனமொன்றின் மின்னஞ்சலுக்கு மாறினார் என்றும் மே மாதம் செய்தி வெளிவந்தது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தாம் நிறுத்தவில்லை என்று மைக்ரோசொப்ட் சொன்னது. ஓகஸ்டில் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்ட பிரெஞ்சு நீதிபதி நிக்கொலா கியூவின் நிலை இன்னும் விசித்திரமானது. அமேசன், பேபால் போன்ற கணக்குகள் மூடப்பட்டன. தன் சொந்த நாடான பிரான்சுக்குள் ஒரு விடுதிக்குச் செய்த முன்பதிவுகூட ரத்தாகிவிட்டது என்று அவரே பேட்டியில் விபரித்தார்.

அதே ஆண்டு யூன் மாதம் பிரெஞ்சு மேலவையில் மைக்ரோசொப்ட் பிரான்சின் சட்டப் பணிப்பாளரிடம் சத்தியப்பிரமாணத்தின் பேரில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: பிரெஞ்சு அரசின் சம்மதமின்றி, பிரெஞ்சு மக்களின் தரவுகள் அமெரிக்க அரசுக்குப் போகாது என்று உறுதி தரமுடியுமா? முடியாது என்றார் அவர். இதுவரை அப்படி நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அவரைக் குறைகூற ஒன்றுமில்லை. 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, தரவு எந்த நாட்டில் கிடந்தாலும் அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தால் அதைக் கேட்டுப்பெற அந்நாட்டு அதிகாரிகளுக்கு வழியிருக்கிறது.

எமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இலங்கை அந்த நீதிமன்றத்தின் உரோம் சாசனத்தில் இணையாத நாடு. ஆயினும் என்றோ ஒருநாள் அந்தக் கதவு திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் எத்தனை குடும்பங்கள் புகைப்படங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் சாட்சியங்களையும் சேர்த்து வைத்திருக்கின்றன! ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின், ஜெனீவாவிலும் சான்றுகள் திரட்டப்படுகின்றன. நாம் நம்பிக்கை வைத்திருக்கும் ஒரு நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநரே தன் அஞ்சற்பெட்டியைத் திறக்க முடியாமல் நின்றார் என்றால், எம்மிடம் உள்ளவை எங்கே, யாருடைய கையில் இருக்கின்றன என்று கேட்காமல் இருக்கமுடியுமா?

அந்த நீதிமன்றம் மைக்ரோசொப்டை விட்டு யேர்மனியின் 'ஓப்பன்டெஸ்க்' மென்பொருளுக்கு மாறப்போவதாக 2025 ஒக்ரோபர் இறுதியில் செய்தி வந்தது. அதை உருவாக்கும் பொறுப்பு பொகும் நகரில் இயங்கும் ஓர் அரச நிறுவனத்துடையது. ரூர் பகுதியில் எம்மவர்கள் அன்றாடம் தொடருந்தில் கடந்துபோகும் நகரம். நவம்பர் 18ஆம் திகதி பேர்லினில் மேர்ட்சும் மக்ரோனும் கூடி 'எண்ணிம இறைமை' பற்றிப் பேசினார்கள். இறைமை என்ற சொல்லின் பொருளை எமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் படையும் நாணயமும் நாடாளுமன்றமும் வைத்திருக்கும் நாடுகளே அது தம்மிடம் இல்லையென்று கவலைப்படும் காலம் வந்திருப்பதை வியப்போடுதான் பார்க்கிறோம்.

இனி எம் வீட்டுக்குள் வருவோம். எமது பூட்டுகளில் பல மைக்ரோசொப்ட் போட்டவையல்ல, நாமே போட்டவை. 1990களிலும் அதற்குப் பின்னரும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் தட்டச்சுச் செய்தது 'பாமினி' எழுத்துருவில். பத்திரிகை, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், அகதி வழக்குக்கான வாக்குமூலம், தமிழாலயத் தேர்வுத்தாள் எல்லாம் அதில்தான். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த ஒரு வேடம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் 'ஜே, கே, பி, ஓ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். தேடமுடியாது, கைப்பேசியில் வாசிக்கமுடியாது. எத்தனையோ மலர்கள் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டன. அந்த மென்பொருள் 2001இல் வந்த பதிப்போடு நின்றுவிட்டது. இன்றைய கணினியில் அந்தக் கோப்புகளைத் திறப்பது பெரும்பாடு.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்திருந்தாலும், சாதாரண மக்களின் மேசைக்கு அதைக் கொண்டுவந்ததில் விண்டோஸ் 2000உடன் வந்த 'லதா' எழுத்துருவுக்குப் பெரும் பங்குண்டு. அது மைக்ரோசொப்டின் வேலை. மறுபக்கத்தில், கேடிஈ என்ற லினக்ஸ் திரைமுகப்பை எவரிடமும் அனுமதி கேட்காமல் தமிழாக்கியவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். அந்தத் திட்டம் தொடங்கியதும் இந்த நாட்டில்தான், 1996இல் ரூபிங்கன் மாணவர் ஒருவரால். தமிழ்நாட்டில் எல்கொட் நிறுவனம் உமாசங்கரின் காலத்தில் பாடசாலைக் கணினிகளுக்கு சூசே லினக்ஸைத் தெரிவுசெய்தது. நூர்ன்பேர்க்கில் உருவானது அப்படித் தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் போனது. ஆகவே நல்லவர், கெட்டவர் என்று பிரித்துச் சண்டை பிடிப்பதில் எமக்கு நாட்டமில்லை. கோப்பு யாருடைய தயவும் இல்லாமல் நாளைக்கும் திறக்குமா என்பதே எமது கேள்வி.

லினக்ஸ் போட்டால் எல்லாம் தீரும் என்று நம்பும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளிநொச்சியில் இருக்கும் அம்மம்மா வட்ஸ்அப்பில்தான் பேசுவார். அவரிடம் போய் வேறு செயலி போடுங்கோ என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில், "எனக்கு உது தெரியாது ராசா, நீ பழையதிலயே எடு." உறவு இருக்கும் இடத்துக்குத்தான் மென்பொருள் போகும். பிள்ளைகளின் பாடசாலை ஐபாட்டைக் கேட்கும், வேலைத்தலம் விண்டோஸைக் கேட்கும். அவை எமது கையில் இல்லை. வீட்டு அலுமாரியில் கிடப்பவை எமது கையில் இருக்கின்றன.

எமது பழைய தமிழாலயத்தின் அலுமாரி ஒன்றை அண்மையில் ஒதுக்கியபோது பதினெட்டு இறுவட்டுகள் கிடைத்தன. நாங்கள் மூவர், விண்டோஸ் 10 ஓய்ந்ததால் வீசக் காத்திருந்த லப்ரொப் ஒன்றில் அந்த இளைஞர் சொன்னபடியே லினக்ஸைப் போட்டுக்கொண்டு ஞாயிறு முழுக்க இருந்தோம். நான்கு இறுவட்டுகள் வாசிக்கப்படவே இல்லை. மற்றவற்றிலிருந்த பாமினிக் கோப்புகளை இலவச மாற்றியொன்றில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றினோம். 'ர', 'ற' எங்கும் தடுமாறிய மாணவர் கட்டுரைகள், ஓர் ஆண்டுவிழாவின் வரவுசெலவு, நன்கொடை தந்தவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. 1998ஆம் ஆண்டு மலரில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'எனது ஊர்' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். தான் பார்த்தேயிராத ஊர் அது. அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். கோப்பை அன்றிரவே அவளுக்கு அனுப்பிவைத்தோம், வட்ஸ்அப்பில்தான்.