கோட்டைக்கு வெளியே தோண்டுவோம்

தீவகத்தில் ஆய்வுக்கு இறங்கும் எவரும் முதலில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் படித்துவிடுவது நல்லது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. அதாவது 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் துறைமுகத்துக்கு அந்நியரை நடத்தும் சட்டம் இருந்தது. அல்லைப்பிட்டியில் ஜோன் காஸ்வெல் கண்ட சீன மட்பாண்டங்களும் அதே பழைய கடல்வழியின் சான்றுகள்தாம்.

ஆகவே 'முதல் தொடர்பு' என்ற தலைப்பில் தீவகத்துப் போர்த்துக்கேயர் காலத்தை எழுதுவது பொருந்தாது. கடல்வழி வந்த அந்நியன் இங்கே புதியவன் அல்லன். வந்தவன் போகாமல் கோட்டை கட்டி, ஊருக்கு ஊர் வரி எழுதி, ஆளைப் பிடித்து வேலை வாங்கியதுதான் புதிது. 1560இல் படையெடுப்பு, 1619இல் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி, 1658இல் ஒல்லாந்தர். ஏறத்தாழ நூறாண்டான இந்தக் காலத்தில் ஒரு வேலணைக் குடியானவரின் அடுக்களை எப்படி மாறியது? நம் துறை விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. ஆவணங்கள் இதைச் சொல்லா. பி. ஈ. பீரிஸ் வெளிக்கொணர்ந்த 1645ஆம் ஆண்டுப் போர்த்துக்கேயப் பதிவுகளும் சரி, பின்வந்த ஒல்லாந்தர் தோம்புகளும் சரி, ஊர்மக்களை வரி கொடுப்பவர்களாகவே பார்க்கின்றன.

இருந்தும் நாம் கோட்டைகளையே சுற்றி வருகிறோம். ஊராத்துறைக் கடற்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கதையை ஒல்லாந்தப் போதகர் பால்தேயுவின் நூலை வைத்து எல்லாரும் எழுதியாயிற்று. நெடுந்தீவில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மாடிக் கோட்டைச் சுவரைப் படம் பிடிக்காத ஆய்வாளர் இல்லை. அந்தச் சுவரை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். முருகைக்கல், இடையே சுண்ணாம்புச் சாந்து. கடலிலிருந்து கல்லை எடுத்தவர், சூளை வைத்துச் சுண்ணாம்பு நீற்றியவர், தட்டிச் சமப்படுத்தி அடுக்கியவர் யாவரும் எந்த ஊர்க்காரர்? கோட்டையைச் சுற்றியுள்ள வளவுகளின் கல்வேலிகளும் அதே முருகைக்கல்தான், சாந்தில்லாமல் அடுக்கியது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்து, கல் அடுக்கும் முறையை ஒப்பிட்டால் கிடைக்கும் சான்று எந்த லிஸ்பன் ஆவணத்திலும் கிடைக்காது. பழங்கிணற்றையும் கேணியையும் கண்டவுடன் 'ஒல்லாந்தர் காலத்தது' என்று எழுதிவிடும் பழக்கமும் நிற்க வேண்டும். அப்படி எழுதும்போது தீவு மக்களின் கைவினையைப் பெயர் தெரியாமலேயே வேறொருவருக்குத் தாரைவார்க்கிறோம்.

சாயவேரும் அப்படித்தான் விடுபட்டுப்போனது. துணிக்குச் செந்நிறம் தரும் அந்த வேருக்காக ஒல்லாந்தக் கம்பனி தீவகத்தின் மணற்பாங்கான நிலங்களில் ஆட்களைக் கட்டாயப்படுத்தித் தோண்டவைத்தது. அந்த உழைப்பைச் சுமந்த குடும்பங்களின் குடியிருப்புகள் எங்கே இருந்தன என்று தேடுவது கோட்டைக் கொத்தளத்தை இன்னொருமுறை அளப்பதைவிட அவசரமானது.

தடை நம் மேசையிலேயே தொடங்குகிறது. அகழ்குழியிலிருந்து வரும் நீலவெள்ளைச் சீன ஓடு ஒவ்வொன்றும் எண் பெறுகிறது, வரைபடம் பெறுகிறது. கூடவே வரும் நூற்றுக்கணக்கான உள்ளூர்ச் சட்டி பானை ஓடுகள் 'சாதாரண மட்பாண்டம்' என்ற ஒற்றை வரியில் நிறுக்கப்பட்டுக் கொட்டப்படுகின்றன. ஊர்மக்கள் சமைத்ததும் உண்டதும் அந்தச் சட்டியில்தான். விளிம்பு மாறியதா, சட்டி அகன்றதா, மீன் முள்ளோடு புதிதாக எந்த எலும்பு சேர்ந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சல்லடை போடாத குழியில் மீன் முள் கிடைக்காது என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையில் நடந்த அகழாய்வுகள் போர்த்துக்கேயருக்கு முந்திய குடியிருப்பை வெளிக்கொணர்ந்தன. கோட்டைக்குள்ளேயே அது கிடைக்கும்போது கரம்பொனிலும் புங்குடுதீவிலும் தேடத் தயங்குவானேன்?

காலமும் நம் பக்கம் இல்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருள் என்கிறது. காலம் கணிக்கப்படாத ஒரு கல்வேலிக்கு அதன் காவல் கிட்டுவது கடினம். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றன. பற்றை மண்டிய அவர்களுடைய வளவுகளில் பழைய வேலியும் கிணறும் பல இடங்களில் இன்னும் கிடக்கின்றன. உரிமையாளரைத் தேடி, அனுமதி கேட்டு, வளவின் வழிவழிப் பெயரையும் பங்கு பிரிந்த கதையையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு ஆய்வில் இறங்குவதே முறை. ஆளில்லாத காணிதானே என்று மண்வெட்டியோடு போவது, நாம் ஆராயும் காலத்து அதிகாரிகள் செய்ததையே நாமும் செய்வதாகும்.

அடுத்த இதழிலிருந்து தீவக அகழாய்வு அறிக்கைகள் எவையாயினும், உள்ளூர் மட்பாண்டங்களின் முழு எண்ணிக்கையும் விளிம்பு வரைபடங்களும் மண்ணடுக்கு வாரியாக இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பரிசீலிப்போம். அதற்கான பக்கங்களைக் குறைக்குமாறு ஆசிரியர் குழு கேட்காது.