ஆறு சக்கரம், அரைப் படகு: செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் அடியைப் பாருங்கள்!

பழைய கார், பழைய புல்லட், பழைய டிராக்டர் என்றுதான் இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கேள்விகள் வரும். இந்த வாரம் வந்தது கொஞ்சம் வித்தியாசம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘காட்டுப் பாதையில் ஓட்டவும், ஏரியில் இறங்கி மீன் பிடிக்கவும் பழைய ஆறு சக்கர ஆர்கோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாங்கலாமா?’

வாங்கலாம். ஆனால், நீங்கள் போகும் பாதையில் சேறும் தண்ணீரும் இருந்தால் மட்டும்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காக: பிளாஸ்டிக் தொட்டிக்கு ஆறு குண்டு டயர்களை மாட்டியது போல இருக்கும். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். 2025 பஞ்சாப் வெள்ளத்தில் நம் ராணுவம் இறக்கிய ராட்சத டயர் வண்டி ஞாபகம் இருக்கிறதா? அது நாலு சக்கரம், சைஸும் பெரிசு. ஆர்கோவை அதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் 1960-களிலேயே இந்த வகை வண்டிகள் வந்துவிட்டன. ஆர்கோவைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில் 1962-ல் தொடங்கியது. முதல் ஆர்கோ வந்தது 1967-ல். அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்த ‘மேக்ஸ்’ இதற்குப் பழைய போட்டியாளர். செகண்ட் ஹேண்டில் அதிகம் கண்ணில் படுவது இந்த இரண்டும்தான்.

இதில் சஸ்பென்ஷன் கிடையாது. காற்றுக் குறைவாக அடைத்த டயர்தான் ஸ்பிரிங். அதனால் சதுப்பில் புதையாமல் மிதந்து போகும். கல்லும் வேரும் நிறைந்த காய்ந்த பாதையில் வேகமாகப் போனால் முதுகு எண்ணிக் கணக்குச் சொல்லும். வேகமும் 30, 40 கிலோமீட்டரைச் சுற்றித்தான். காய்ந்த பாதை மட்டும்தான் உங்கள் ஊரில் என்றால், சாதாரண நாலு சக்கர ஏடிவி போதும், செலவும் குறைவு.

அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஆறு சக்கர ஆர்கோ 60 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அமெரிக்க வனத்துறையின் பாதைகளில் பல, 50 அங்குலமும் அதற்குக் குறைவான அகலமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டவை. எல்லை தாண்டிப் போய் ஓட்டலாம் என்று கனவு இருந்தால், பாதையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நேராக இன்ஜினிடம் போய்க் காது கொடுத்து நிற்கிறார்கள். கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் மாதிரி பல இடங்களிலும் பயன்படும் இன்ஜின்கள்தான் இவற்றில் நிறைய இருக்கின்றன. புல்வெட்டும் மெஷினைப் பிரித்து மேயும் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். உங்கள் பர்ஸைக் காலி செய்வது இன்ஜின் இல்லை, கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருப்பது.

அங்கே இருப்பது செயின்கள். கியர்பாக்ஸில் இருந்து ஆறு சக்கரத்துக்கும் விசை போவது சைக்கிள் செயினின் பெரிய அண்ணன் மூலமாகத்தான். விற்பவரிடம் தரைப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். ‘எதுக்குங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று இழுத்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். செயினில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, துருவா? தொங்குகிறதா? பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கின்றனவா? வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, இரண்டையும் மாற்ற வேண்டும். அதைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு டயரையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆறையும். ஒன்று மட்டும் ‘லொடக் லொடக்’ என்றால் பேரிங் போயிருக்கிறது. இந்த வண்டியில் பேரிங் போனால் சத்தத்தோடு முடியாது. அச்சு வெளியே வரும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

டயர்களின் சுற்றளவையும் ஒரு நூல் வைத்து அளந்து பாருங்கள். ஒரே பக்கத்து மூன்று சக்கரமும் செயினால் பிணைக்கப்பட்டவை, ஒரே வேகத்தில்தான் சுற்றும். நடுவில் ஒரு டயரை மட்டும் புதுசாக, கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தால் மற்ற இரண்டோடு அது மல்லுக்கட்டும். தேய்வது செயின்தான். விளம்பரத்தில் ‘இரண்டு புது டயர்’ என்று இருந்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் வரும்.

ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோடு வேண்டாம், புல்தரை தேடுங்கள். இந்த வண்டியில் முன் சக்கரம் திரும்பாது. ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தி, மறுபக்கத்தை ஓடவிட்டால் புல்டோசர் போல இழுபட்டுத் திரும்பும். இடம், வலம் இரண்டு பக்கமும் நெருக்கமாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் சட்டென்று திரும்பி, மறுபக்கம் கைப்பிடியை முழுக்க இழுத்த பிறகும் யோசித்தால், உள்ளே பிரேக் தேய்ந்திருக்கிறது. நேராக விடும்போது ஒரு பக்கமாகவே ஒதுங்கினால் முதலில் காற்றைச் சரிபாருங்கள்.

தண்ணீருக்கு வருவோம். பிள்ளைகளோடு இறங்கப் போவதாகச் சொன்னதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். தரையில் ஏற்றக்கூடிய எடை ஒன்று, தண்ணீரில் அதைவிடக் குறைவு. ஆறு சக்கர மாடல்கள் சிலவற்றில் தரையில் நாலு பேர், தண்ணீரில் இரண்டே பேர். நீங்கள் நாலு பேர். குடும்பமாக ஏரிக்குள் போவதுதான் ஆசை என்றால் எட்டுச் சக்கர மாடலின் தகட்டையும் படித்துப் பாருங்கள், அல்லது தனியாக ஒரு படகு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இதைத் தள்ளுவது டயரின் கட்டைகள்தான். நடக்கிற வேகத்தில்தான் போகும். காற்றும் ஓட்டமும் எதிர்த்தால் அதுவும் இல்லை. பீவர் அணை கட்டிய குட்டை, சதுப்பு, சின்ன அமைதியான ஏரி இவைதான் இதன் உலகம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது.

பணம் கொடுக்கும் முன் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மேலே வந்ததும் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறங்கள். ஒரு சொம்பு தண்ணீர் வந்தால் கவலை இல்லை. வாளிக் கணக்கில் வந்தால் பேரிங் சீலோ, உடலில் கீறலோ இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது, சூடுபடுத்தி வெல்டிங்தான் செய்ய வேண்டும். கீறல் மேல் கறுப்பாக எதையோ பூசி மறைத்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓடுகிறதா என்றும் போட்டுப் பாருங்கள்.

‘அட்டெக்ஸ்’ மாதிரி தயாரிப்பு நின்றுபோன பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். கேரேஜில் வாரக் கடைசியைக் கழிக்கப் பிடித்தவர்களுக்கு அவை ஓகே. உங்களுக்கு வேண்டாம்.

ஒன்டாரியோவில் சொந்த நிலத்தைத் தாண்டி ஓட்ட, பதிவு, நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் மூன்றும் வேண்டும். விற்பவரின் பெயரும் பதிவுச் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். குளிர்காலத்தில் பேரம் பேசினால் ஏரி உறைந்திருக்கும், தண்ணீர்ச் சோதனை நடக்காது. முன்பணம் மட்டும் கொடுத்து, பனி உருகியதும் தண்ணீரில் இறக்கிப் பார்த்த பிறகுதான் மீதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.